வழக்குச் சொத்து எண் நாற்பத்தொன்று

சட்டத்தின் முன் அனைவரும் சமம். எங்கள் கீழ்க்கோர்ட்டில் ஆமையும் சமம்தான். ஆறு வருஷமாக ஒரு வாய்தாகூடத் தவறாமல் ஆஜரான ஒரே ஜீவன் அது. பெஞ்சுக் கிளார்க் என்ற முறையில் நானே இதற்குச் சாட்சி.

அதைக் கடத்தி விற்றதாகச் சொல்லப்பட்ட வியாபாரி, பிடிபட்ட அன்று மாலையே ஜாமீனில் வீட்டுக்குப் போய்விட்டார். ஆமைக்கு ஜாமீன் கேட்க ஆளில்லை. சொத்து அறையில் உயிருள்ளதை வைக்க விதியில்லாததால், பிடித்த வனக்காவலரே வீட்டில் வைத்திருந்து வாய்தாதோறும் கூடையில் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவாயிற்று. வழக்கு முடிந்ததும் காட்டில் விட்டுவிடலாம் என்று நம்பி மனுஷர் தலையாட்டிவிட்டார். ஆறு வருஷம் ஓடிவிட்டது; அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. அதற்குள் தன் கையாலேயே அதை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

ஒருவழியாகக் கடைசி விசாரணை வந்தது. வியாபாரியின் வக்கீல் எழுந்து ஓர் அளவுகோல் கேட்டார். கைப்பற்றியபோது எழுதிய மகஜரில் ஆமையின் நீளம் நான்கு அங்குலம். கூடையில் இருந்தது எட்டு. காலில் கட்டியிருந்த கோர்ட்டுச் சீட்டையும் காணோம்.

"சீட்டு எங்கே?" என்று நடுவர் கேட்டார்.

"காலை அறுத்துச்சுங்கய்யா. பாவம்னு வீட்டுல எம் பொண்டாட்டி அவிழ்த்து விட்டுட்டா" என்றார் வனக்காவலர்.

"நீளம்?"

"ஆறு வருஷம் ஆச்சுங்களேய்யா. வளர்ந்துடுச்சு."

"வளர விடுறதுக்கு அனுமதி வாங்கினீங்களா?"

வனக்காவலர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் புரட்டினேன். அப்படியொரு அனுமதி இல்லை. எனக்கும் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கோப்பில் இல்லாததை நான் எங்கே போய் எடுப்பேன்?

ஆகவே மாண்புமிகு நீதிமன்றம் கண்டறிந்தது என்னவென்றால், நான்கு அங்குல ஆமை காணாமல் போய்விட்டது. ஆமை இல்லையேல் குற்றமும் இல்லை. வியாபாரி விடுதலை. அதோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்துக் கூடையிலிருந்து ஆமை தலையை நீட்டியது.

"அப்போ இது யாரோடது?" என்றார் நடுவர்.

பாதுகாக்கப்பட்ட உயிரினம் ஒன்று வனக்காவலர் வீட்டில் அனுமதியின்றி இருந்திருக்கிறது. சட்டம் தன் கடமையைச் செய்தாக வேண்டுமே. அவர் மேலேயே புது வழக்கு, ஆமைக்குப் புது எண், புதுச் சீட்டு. நானே அளந்து எட்டு அங்குலம் என்று எழுதினேன்.

வனக்காவலர் கூடையை விடவில்லை. "என்னை என்ன வேணா பண்ணுங்கய்யா. இதை மட்டும் காட்டுல விட்டுடுங்க" என்றார். வழக்கு முடியும்வரை சொத்தை விட முடியாது என்று அவருக்கு விளக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் கையிலேயே அது இருப்பதும் முறையல்ல. ஆமை வைத்திருந்து பழக்கமுள்ள, எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாத ஒருவர் வேண்டும் என்றார் நடுவர்.

வாசல்வரை போய்விட்ட வியாபாரியை ஓடிப்போய்க் கூட்டிவந்தவன் நான்தான்.

கையெழுத்துப் போட்டுக் கூடையை வாங்கிக்கொண்டவர், என்னிடம் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டார்.

"சார், இதை வளர விடலாங்களா?"

மறக்காமல் இன்றைக்கே ஒரு மனு போட்டுவிடச் சொன்னேன். ஆறு வருஷமாக வனக்காவலருக்கு அதைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.