நன்றியைத் திரும்பப் பெற வழியில்லை

தேங்காய்த்திட்டு, புதுச்சேரி.
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பும் பாசமும் மிக்க மைத்துனர் கோபிநாத் அவர்களுக்கு,

இன்று காலை நம் வீட்டுக் கூடத்தில் நடைபெற்ற நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இந்தக் கடிதத்தைக் கறுப்பு மையில் எழுதாமல் நீல மையில் எழுதுவது என்று தீர்மானிக்கப்பட்டது. கறுப்பு மை துக்கச் செய்தியோ என்று பயமுறுத்தும், பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது, சிவப்பு மை ஆசிரியர்களுக்கு உரியது ஆகிய கருத்துகள் முன்வைக்கப்பட்டு விரிவாகப் பரிசீலிக்கப்பட்டன. ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான். தங்கள் அக்கா அமுதவல்லி தொடக்கத்திலேயே வெளிநடப்புச் செய்துவிட்டாள்.

இங்கே நான் உடலளவில் நலம். அமுதவல்லியும் நலம், என்னோடு பேசுவதில்லை. பாரிசில் தாங்களும் மனைவி மக்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வழக்கமாக "இன்னா மாப்ள" என்று ஆரம்பிக்கிறவன் "தாங்கள்" என்று எழுதுவதிலிருந்தே விஷயம் பெரிது என்று ஊகித்திருப்பீர்கள். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் தாங்கள் பதில் சொல்வீர்கள்.

விஷயம் இதுதான். நம் தெருவின் கிழக்கு வரிசை வீடுகளை அரசு எடுத்துக்கொள்கிறது. பொது நோக்கத்துக்காக என்று அறிவிப்பில் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு வணிக வளாகம் வரப்போகிறது; ஒரு தனியார் நிறுவனம் கட்டி, அதுவே நடத்தி, அதுவே வாடகை வாங்கிக்கொள்ளும். பொது என்பது அங்கே பொருள் வாங்க வரப்போகிறவர்களைக் குறிக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வரைபடத்தையும் பார்த்தேன். என் வீடு கார்கள் இறங்கும் சரிவுப் பாதையில் போகிறது. தங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சம்பாதித்துக் கட்டியதால் தெருவே "சொல்தா வீடு" என்று சொல்கிற வீடு, தாங்கள் அடுத்த வருடம் ஓய்வு பெற்று வந்து குடியேறுவதற்காகத் தரை மாற்றி, மாடி எழுப்பி, என் பொறுப்பில் விட்டுவைத்திருக்கிற அந்த வீடு, ஐஸ்கிரீம் கடைக்கும் நகரும் படிக்கட்டுக்கும் நடுவில் வருகிறது. பூஜையறை இருக்கும் இடத்தில் கைப்பைகள் விற்பார்கள். தங்கள் கதவில் அறிவிப்பை ஒட்டியபோது ஓரங்கள் பிய்ந்துகொண்டு நின்றன. அரசாங்கக் காகிதம் காற்றில் பறக்கக் கூடாதே என்று நான்தான் கூடுதலாகப் பசை தடவினேன்.

சித்திரையில் ஒரு திருமண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். தெருவின் சார்பில் ஒருவர்தான் பேசலாம் என்றார்கள். துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிற அடுத்த வீட்டுக் கண்ணகிதான் பேச வேண்டும் என்று பாதிப் பேர் சொன்னார்கள். அவள் பேசினால் சண்டையாகிவிடும், படித்தவர் ஒருவர் பண்பாகப் பேசினால்தான் அதிகாரிகள் காது கொடுப்பார்கள் என்று மீதிப் பேர் சொன்னார்கள். அந்தப் படித்தவர் நான் என்று முதலில் சொன்னவனும் நானே. பள்ளிக்கூட அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த காலம் முழுவதும் ஆண்டு விழா, விளையாட்டு விழா, பிரிவு உபசார விழா எதுவானாலும் நன்றியுரை என்னுடையது என்பது தங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண வரவேற்பு முதல் கோயில் அன்னதானம் வரை கடைசியாக ஒலிபெருக்கியைப் பிடிப்பது நான்தான். தெருவுக்கும் அது தெரியும். அதை ஒரு தகுதி என்று எல்லோருமே நினைத்தோம்.

ஆட்சேபணைகளை மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். மண்டபத்தில் ஏசி போட்டிருந்தார்கள். நிலம் எடுப்பு அதிகாரி திருமதி ஹேமலதா எழுந்து வந்து கைகூப்பினார். ஒரு சால்வையும் போர்த்தினார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். திட்ட விளக்கம், குறும்படம், வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை எல்லாம் முடிந்து என்னை அழைத்தபோது நிகழ்ச்சி நிரலில் நான் ஒருவன்தான் மிச்சம். பின்னாலிருந்து கேசரி வாசனை வந்தது. கூட்டம் நாற்காலியில் பாதி எழுந்த நிலையில் இருந்தது. கையில் ஒலிபெருக்கி. இந்த நான்கும் ஒன்று சேர்ந்தால் என் வாய் என்ன செய்யும் என்பதை நான் அதற்கு முன் யோசித்துப் பார்த்ததில்லை. "இவ்விழா இனிதே நடைபெறத் துணைநின்ற" என்று தொடங்கிவிட்டேன். அதிகாரிக்கு நன்றி சொன்னேன். குறும்படம் எடுத்தவருக்கும், ஒலி ஒளி அமைத்தவருக்கும், கேசரி கிண்டியவருக்கும் சொன்னேன். புதுச்சேரியில் எத்தனையோ தெருக்கள் இருக்க நம் தெருவைத் தேர்ந்தெடுத்த துறைக்கு, தெருவின் சார்பில் நெஞ்சார்ந்த நன்றி சொன்னேன். அந்த வாக்கியத்தை முடிக்கும்போதுதான் எனக்கே கேட்டது. அதற்குள் கண்ணகி எழுந்து கத்த ஆரம்பித்திருந்தாள். என் வாய் நிற்கவில்லை. "நாட்டுப்பண்ணுடன் கூட்டம் நிறைவுறுகிறது" என்றேன். நாட்டுப்பண் போட்டார்கள். கண்ணகி பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, கையை உடம்போடு ஒட்டி, நேராக நின்றாள். தெருவே நின்றது. நாட்டுப்பண் முடிந்த பிறகு நம் ஊரில் எந்தக் கூட்டமும் நடந்ததில்லை. எல்லோரும் கேசரிக்குப் போனார்கள். குறிப்பில் "பொதுமக்கள் நன்றி தெரிவித்தனர், ஆட்சேபணை ஏதும் இல்லை" என்று எழுதிக்கொண்டார்கள்.

மண்டபத்து வாசலில் கண்ணகி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "யண்ணே, வூட்ட இடிக்கறவனுக்கு நன்றி சொல்லிட்ட. இடிச்சி முடிச்சதும் வாழ்த்திப் பேசறதுக்கு யார அனுப்பலாம், அதயும் நீயே சொல்லிடு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, என் தோளில் கிடந்த சால்வையை நேராக இழுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மீன் வாங்க அமுதவல்லி தவளக்குப்பம் வரை பஸ்ஸில் போய் வருகிறாள். கண்ணகி முகத்தில் விழிக்க முடியவில்லையாம். டீக்கடையில் நான் உள்ளே நுழைந்தால் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். முன்பு நெருக்கிக்கொண்டு உட்காருவோம்.

அடுத்த வாரமே நிலம் எடுப்பு அலுவலகத்துக்குப் போய், நான் சொன்ன நன்றியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றேன். எழுத்தர் நல்ல மனிதர், உட்கார வைத்துப் பேசினார். "ஆட்சேபணய வாபஸ் வாங்கலாம் சார், அதுக்கு வழி இருக்குது. நன்றிய வாபஸ் வாங்க இதுவர யாரும் வந்ததில்ல" என்றார். உள்ளே போய் ஹேமலதாவைப் பார்த்தேன். வேலை இத்தனை வேகமாக நகர்வதற்கு மக்களின் வரவேற்புதான் காரணம் என்று மேலிடத்துக்கே தெரிவித்திருப்பதாகச் சொல்லி, "நீங்க பேசனதுக்கு அப்பறந்தான் சார் எங்களுக்கே இந்தத் திட்டத்து மேல நம்பிக்க வந்துது" என்றார். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இதற்கு மேல் "தாங்கள்" என்று எழுதக் கை வரவில்லை, மாப்ள. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் போட்டு "வூடு எப்பிடி இருக்குது மாமா" என்று கேட்கிறாய். நான் "நல்லா இருக்குது" என்கிறேன். அது பொய் இல்லை, வீடு நன்றாகத்தான் இருக்கிறது. நீ கேட்டபடி மாடி ஜன்னலுக்குக் கொசுவலை கூடப் போட்டேன், அறிவிப்பு ஒட்டிய பிறகு. உன் அக்கா பிறந்த வீடு அது. அவளுக்குத் தெருவே சொல்லிவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன். நேற்று அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டுவிட்டு, நான்கு மாதத்தில் முதல் தடவையாக நீளமாகப் பேசினாள். "எந்தம்பிக்கு நீங்களே எழுதுங்க. எல்லாத்தயும் எழுதுங்க. கடசியில மட்டும் நன்றின்னு போட்டுடாதீங்க."

ஆகவே போட மாட்டேன். ஆனால் நீ மனம் தளர வேண்டாம். கண்ணகியின் தலைமையில் தெருவே சேர்ந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை கேட்கப் போகிறது. நம் வீடுகளை இன்னும் யாரும் தொடவில்லை. இனி என் வாழ்நாளில் எந்த மேடையிலும் ஏற மாட்டேன் என்று கண்ணகியிடமும் உன் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். நீ வந்து இறங்கும்போது சொல்தா வீட்டுக் கதவை நானே திறந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உன் மனைவிக்கு அன்பு. உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

தலைகுனிந்து,
உன் மாமா கலியபெருமாள்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிப் பத்து நாள் ஆகிறது. தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது திருமதி ஹேமலதா போன் செய்து, அடிக்கல் நாட்டு விழா அழைப்பிதழில் நன்றியுரைக்கு நேரே என் பெயரை அச்சடித்துவிட்டதாகச் சொன்னார். மறுப்பதற்காக நேரில் போனேன். யார் யாருக்கு நன்றி சொல்வது என்று அவர்கள் வைத்திருந்ததில் இரண்டு பேரின் பட்டங்கள் தவறாக இருந்தன; அவற்றைத் திருத்திக் கொடுத்தேன். விழா நேற்று மாலை நடந்தது. இடம் கொடுத்தவர்கள் வரிசையில் தங்கள் பெயரையும் சொன்னேன். மேடை போட இடம் தேவைப்பட்டதால், தங்கள் வீட்டை அதற்கு முதல் நாள் இடித்தார்கள்.