திருகாணி மேஸ்திரியின் பூசணிக்காய்

பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில், அந்தக் காலத்தில் ஒரு வண்டி கடகடக்காமல் போனால், அதைத் திருகாணி மேஸ்திரி தொட்டிருக்கிறார் என்று அர்த்தம். மற்றவை வண்டிகளே அல்ல, தகர டப்பாக்கள். இது அவருடைய அபிப்பிராயம். இப்போது என்னுடையதும் அதுதான்.

ஆஸ்டின் டவுனில் ஒரு மோட்டார் ஷெட்டில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் வாரம். ரொட்டிக் கடைக்காரரின் பழைய வேன் பெயின்ட்டுக்கு வந்திருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். பெண் அந்த வேனில்தான் மாதா கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

வேறு யாராக இருந்தாலும் வேனின் ஓரங்களில் இருந்த பித்தளைப் பட்டிகளின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டியிருப்பார்கள். மேஸ்திரி ஒவ்வொன்றாகக் கழற்றினார். மூங்கில் சிம்பைச் செருகி, "நோவாம வா கண்ணு" என்று பட்டியிடம் கெஞ்சுவார். பல் பிடுங்கும் டாக்டர்கூட என்னிடம் அவ்வளவு இதமாகப் பேசியதில்லை. திருகாணிகள் அதனதன் ஓட்டைக்கே திரும்ப வேண்டும். அதற்காக ஒரு பூசணிக்காயை வேனாகப் பாவித்து, இடப்பக்கத்து ஆணிகளை இடப்பக்கமும் வலப்பக்கத்து ஆணிகளை வலப்பக்கமும் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

பூஜையன்று மேஸ்திரி குளிக்கப் போயிருந்தார். "குமாஸ்தா, பூசணிக்காய எடுத்து வேனுக்குச் சுத்திப் போடுய்யா!" என்றார் முதலாளி. மூலையில் இருந்த காய் முழுக்க ஆணி. திருஷ்டிக்கு இன்னும் விசேஷம் போலிருக்கிறது என்று பக்தியோடு தூக்கி நடுரோட்டில் போட்டேன்.

மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"ஒடைக்க வேற காயே கெடைக்கலியா, குமாஸ்தா?"

அவ்வளவுதான். சதையும் விதையுமாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து பொறுக்கத் தொடங்கினார். பூஜையில் வைத்த திருப்புளியை அன்று தொடக் கூடாது. விடிந்ததும் ஒவ்வொரு ஆணியையும் ஓட்டை ஓட்டையாகப் போட்டுப் பார்த்து மாட்டினார். மணப்பெண் வந்து வேனில் ஏறியும் ஆயிற்று, ஒரே ஒரு ஆணியைக் காணோம். இடது கதவுப் பட்டியின் நுனி ஆடியது. நான் வேறொன்றை நீட்டினேன்.

"அது வேற வூட்டுப் புள்ள. இங்க ஒட்டாது."

மணப்பெண் வெளியே தலையை நீட்டினாள். "மேஸ்திரி, ஃபாதர் காத்துக்கினு இருக்காரு. கையாலயாவது புடிச்சிக்கினு வாங்களேன்!"

கோபத்தில் சொன்னதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். ஃபுட்போர்டில் ஏறி, பட்டி நுனியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி கோயில் வரை நின்றே போனார். ஜனங்கள் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்தார்கள். வேன் கடகடக்கவில்லை.

அந்த மாதமே பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடைத்து வடக்கே போய்விட்டார். விலாசம் தெரியாது. அடுத்த மழைக்காலத்தில் என் செருப்பைத் தைக்கக் கொடுத்தபோது, அடித்தோலிலிருந்து ஒரு பித்தளைத் திருகாணி வந்தது. ஊரெல்லாம் தேடியதை நானே மிதித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். ரொட்டிக் கடைக்கு ஓடினேன். வேனை விற்றுவிட்டார்களாம்.

ஆணி என் மேஜை டிராயரில் இருக்கிறது. வீட்டில் எத்தனையோ கதவும் நாற்காலியும் ஆடியிருக்கின்றன. இதை எடுத்துப் போட மனம் வரவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் இன்றும் எட்டிப் பார்க்கிறேன். மேஸ்திரி வந்து கேட்டால் கொடுக்க வேண்டும்.