குனியாத மாப்பிள்ளை

"மாமா காலுல விழுந்து துன்னூறு வாங்கிக்கங்க மாப்பிள" என்றாள் பெண்ணின் அத்தை சங்கிலியம்மாள்.

விஜயபாண்டி விழவில்லை. கோம்பையில் அந்தப் பெண் வீட்டுக் கூடத்தின் நடுவில், பந்தலுக்கு நட்ட கல்தூண் மாதிரி நின்றான். ஜன்னலுக்கு வெளியே மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. மனசுக்குள் அவனும் மேகத்தோடு மேகமாக வளைந்து, மெல்ல இறங்கி, எதிரே நின்ற மணப்பெண் கயலின் பாதம் வரைக்கும் போய்விட்டான். பாவம், முதுகுதான் கூட வரவில்லை.

கயல் கிடைக்காவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று இருப்பவன் அவன். அதனால் அவன் அப்பா கோட்டைச்சாமி சமாளிக்கப் பாய்ந்தார்.

"எங்க வம்சத்துல யாரு காலுலயும் விழுற வழக்கமில்ல சம்பந்தி."

பெண்ணின் அப்பா கருத்தக்கண்ணனுக்குச் சுருக்கென்றது. "அப்ப விழுறவங்கள்லாம் இளிச்சவாயங்களா?"

"அய்யய்யோ, அப்படியில்ல! முருகனுக்கு வேண்டுதல். கல்யாணம் முடியிற வரைக்கும் குனியக்கூடாது."

"அப்ப மெட்டி?" என்றாள் சங்கிலியம்மாள். "பொண்ணு காலத் தொட்டு மாட்டணுமே. குனியாம எப்படி?"

கேட்டாளே ஒரு கேள்வி! கோட்டைச்சாமிக்கு வியர்த்துக் கொட்டியது.

"அதுக்கென்ன, பொண்ண மேச மேல நிக்கவச்சா…"

"எம்மக என்ன ஜவுளிக்கடை பொம்மையா?" கத்தினார் கருத்தக்கண்ணன். "தட்ட எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க!"

விஜயபாண்டியின் கண்ணுக்குள் அவர்களுடைய சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டம் மிதந்தது. பந்தலுக்கடியில் தாத்தா, பூட்டன் எல்லாரும் வரிசையாக, விறைப்பாக நின்று அவனையே பார்த்தார்கள். ஒருவராவது குனிந்து காதில் ஒரு வழி சொல்லக்கூடாதா? கடைசியில் அவனே வாயைத் திறந்தான்.

"வம்சமும் இல்ல, வேண்டுதலும் இல்ல மாமா. எனக்கு முதுகு வளையாது. எங்க தாத்தாவுக்கும் அதேதான். பரம்பரையா வர்ற ஜீன்ல ஏதோ மாற்றமாம். நோய எதிர்க்க வேண்டிய அணுக்களே என் முதுகெலும்ப எதிரின்னு நெனச்சு அடிக்குதாம். விடிஞ்சு எந்திரிச்சா கட்டையாக் கெடப்பேன். தேனியில ஒரு டாக்டர் ஊசி போடுறாரு, இப்பக் கொஞ்சம் தேவல. பிள்ளைகளுக்கு வரலாம், வராமயும் போகலாம். கயல்கிட்ட மறைச்சுக் கட்டிக்க எனக்கு மனசில்ல."

மேகம் தோட்டத்து முருங்கையை மூடிவிட்டு ஜன்னல் கம்பிவரை வந்து நின்றது.

"மெட்டிய நானே மாட்டிக்கிறேன்" என்றாள் கயல், மெதுவாக.

விஜயபாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. இது நிஜமா, கனவா என்று அவன் யோசித்து முடிக்கட்டும் என்று கருத்தக்கண்ணன் விடுவாரா?

"பரம்பரைச் சீக்கு உள்ள வீட்டுக்கு எம்மகள அனுப்ப மாட்டேன்! எங்க குடும்பத்துல இந்த மாதிரி எதுவும் கெடையாது!"

சங்கிலியம்மாள் காலிக் காபித் தம்ளர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அந்த டாக்டர் நம்பர வாங்கிக்கிட்டு அப்புறமாக் கோவப்படுங்கண்ணே. இன்னும் எத்தன வருசத்துக்குத்தான் மதினி உங்களுக்குச் செருப்பு மாட்டிவிடுவாக?"