மழையில் காயப்போட்ட பதினோரு சேலைகள்

என் மனைவி நினைத்தால் என்னை நாடு கடத்திவிடலாம் என்று நான் மூன்று மாதம் முழுமனதாக நம்பினேன். மிகைப்படுத்தவில்லை. (இனிமேல் வரும் பத்திகளில் மிகைப்படுத்துவேன், இது மட்டும் சத்தியம்.)

நான் பிறந்தது மலேசியாவில், ஈப்போவில். பார்க்க, பேச, சாப்பிட எல்லாவற்றுக்கும் தமிழன்தான். பாஸ்போர்ட்டைத் திறந்தால் மட்டும் அந்நியன். எண்பதுகளின் நடுவில், வித்துரா போகும் ரோட்டில் இருந்த ஒரு ரப்பர்த் தொழிற்சாலைக்கு, ஷீட் உருட்டும் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ள இரண்டு வருட ஒப்பந்தத்தில் திருவனந்தபுரம் வந்தேன். இயந்திரங்கள் ஒழுங்காக ஓடின. நான்தான் தடம் மாறி, சாலை பஜாரில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் செண்பகத்தைக் கல்யாணம் செய்துகொண்டு, கரமனையில் வாடகை வீடு பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒப்பந்தம் முடியப்போகிறது என்றதும்தான் சிக்கல் தெரிந்தது. இந்த நாட்டில் நான் தங்க அனுமதி கொடுத்திருந்தது ‘வேலை’ என்ற காரணத்துக்காக. வேலை போனால் நானும் போக வேண்டும். அந்தக் காரணத்தை ‘கல்யாணம்’ என்று மாற்றித் தந்தால் இருக்கலாம். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் மாறாவிட்டால், தாலி கட்டிய நாலாம் மாதத்தில் நான் ஈப்போவில், செண்பகம் இங்கே.

போலீஸ் அலுவலகத்தில் வெளிநாட்டவர் பிரிவுக்குப் போனேன். பெஞ்சில் கோவளத்துக் கடற்கரையிலிருந்து வந்த வெள்ளைக்காரர்கள் வரிசையாக இருந்தார்கள். ஒருவருக்குச் செருப்பில்லை, ஒருவருக்குச் சட்டையில்லை. நடுவில் சலவை வேட்டியும் விபூதியுமாக நான்.

“தோக்கு லைசன்ஸ் அப்புறத்தாணு,” என்றார் குமாஸ்தா, தலையை நிமிர்த்தாமலே. (துப்பாக்கி உரிமம் அடுத்த அறையில் என்று அர்த்தம்.)

“நான் ஃபாரினர் சார்.”

அவர் என்னை வேட்டிக் கரையிலிருந்து விபூதி வரை ஒரு முறை படித்தார். “ஓ,” என்றார். அந்த ஒரு ‘ஓ’வுக்குள் ஒரு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்திருந்தது.

மனுவை வாங்கிக்கொண்டு அவர் சொன்னதுதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது. “இதுவரெ கம்பெனி பறஞ்ஞு, ஆளு வேணமெந்நு. இனி பார்ய பறயணும்.” இதுவரை கம்பெனி சொன்னது, ஆள் வேண்டும் என்று, இனிமேல் மனைவி சொல்ல வேண்டும்.

கம்பெனி எப்படிச் சொல்லிவந்தது? ஆறு மாதத்துக்கொரு கடிதம். ‘இவர் நடத்தை திருப்திகரமாக உள்ளது’ என்று மேனேஜர் எழுதித் தருவார். மனம் வைத்தால்தான் தருவார். ஆக, இனி என் மேனேஜர் செண்பகம்! பஸ்ஸில் வீடு திரும்பும்போதே நான் மாறிவிட்டேன். அன்றிலிருந்து அவள் எழுவதற்குள் தண்ணீர் பிடித்து வைத்தேன். அவள் உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

“ஏங்க, ரசத்துல உப்புப் போட மறந்துட்டேன். நீங்க பாட்டுக்கு நல்லாருக்குங்கிய?”

“அதுதானே அதோட விசேஷம்.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு, “உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். (இருபத்தாறு வயதில் மனிதன் இப்படித்தான் உண்மை பேசுவான்.) மறுநாள் காலையில் பையை நீட்டினாள். “கத்திரிக்கா வாங்கியாறியளா, இல்ல ஈப்போவுக்கு டிக்கெட் எடுக்கியளா?”

இப்படி மூன்று மாதம் ஓடியது. ஜூலை நடுவில் ஒருநாள் மாமியார் வெற்றிலை பாக்கு, பழத்தோடு வந்தார்.

“நாளைக்கு ஆடி பொறக்கு மாப்ளே. பிள்ளைய அழைச்சிட்டுப் போறேன். ஆவணி பொறந்ததும் கொண்டாந்து விடுதேன்.”

ஈப்போவில் எங்களுக்கு ஆடி என்றால் கூழ். புதுப்பெண்டாட்டியை ஒரு மாதம் பறிமுதல் செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வாயைத் திறப்பதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. நாலாம் நாள் போலீஸ் அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது: விசாரணைக்காக வியாழக்கிழமை வீட்டுக்கு ஆள் வரும்.

கல்யாணம் என்ற காரணத்தைப் பார்க்க வருகிறார்கள். காரணம் வீட்டில் இல்லை. சாலை பஜாருக்கு ஓடினேன்.

“அத்தை, ஒரு நாள் மட்டும் அவளை அனுப்புங்க. போலீசு வருது.”

“போலீசு எதுக்கு ஆடியில வருது? ஆவணியில வரச் சொல்லுங்க.”

“என்னை நாடு கடத்திருவாங்க அத்தை!”

“எந்த நாட்டுக்கு?”

“மலேசியாவுக்கு.”

“உங்க அம்மா இருக்க ஊருதான? போயி ஒரு மாசம் இருந்துட்டு ஆவணிக்கு வாங்களேன். ஆடியில எப்பிடியும் தனியாத்தான கெடக்கிய.”

கதவுக்குப் பின்னால் செண்பகம் சிரிப்பது கேட்டது. என் மேனேஜர்! கடைசியில், “அவ சேலையையாவது தாங்க,” என்று கெஞ்சினேன். மாமியார் யோசித்தார். சேலைக்கு ஆடி கிடையாது என்று தீர்ப்பாகி ஒரு பெட்டி கிடைத்தது.

என் திட்டம் எளிது. கொடி நிறையச் சேலை தொங்கினால் வீட்டில் பெண் இருக்கிறாள் என்று எந்தப் போலீசுக்கும் புரியும். வியாழக்கிழமை விடிந்ததும் பதினொன்றையும் முற்றத்துக் கொடியில் விரித்தேன், முகூர்த்தப் பட்டு உட்பட. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினேன். ஜூலை மாதத் திருவனந்தபுரத்தில் என்ன நடக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. எட்டரைக்கு வானம் உடைந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று நான் கொடிக்கடியில் தவித்துக்கொண்டிருந்தபோது, தலையில் ஃபைலைக் கவிழ்த்தபடி ஒரு ஹெட் கான்ஸ்டபிள் ஓடிவந்து வராந்தாவில் ஏறினார்.

“மழயத்து ஆரெங்கிலும் துணி உணக்குமோ?” என்றார். மழையில் எவனாவது துணி காயப்போடுவானா என்று கேட்கிறார்.

“மனைவியோடது சார். அவளுக்கு நிறைய உண்டு.”

“பார்ய எவிடே?”

“குளிக்கிறா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து நிமிடம். இருபது நிமிடம். உள்ளே குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் தண்ணீர் நின்றுவிடும், நின்றது. ஒரே அமைதி.

“குளி கழிஞ்ஞோ?”

“இப்பத்தான் சார் சோப்பு போடுறா.”

அந்த நேரத்தில் முகூர்த்தப் பட்டின் அரக்குச் சாயம் விட ஆரம்பித்தது. செக்கச்செவேலென்று ஒரு ஓடை முற்றத்தைக் கடந்து அவர் பூட்ஸை நோக்கி வந்தது. அவர் அதைப் பார்த்தார். சத்தமே இல்லாத குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார். நாடு கடத்தல் போய், தூக்குமேடை என் கண்ணில் தெரிந்தது.

அப்போது குடை பிடித்துக்கொண்டு மாமியார் உள்ளே வந்தார், கையில் தூக்குச்சட்டியுடன்.

“பிள்ளை இங்க இல்லாம சாப்பாட்டுக்கு என்ன செய்தியளோன்னு புளிக்கொழம்பு கொண்டாந்தேன்...” என்றவர் கொடியைப் பார்த்துவிட்டார். “ஐயோ! முகூர்த்தப் பட்டு!”

நான் கான்ஸ்டபிளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். “சார், அவ குளிக்கல. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. நான் சொன்னது எல்லாமே பொய். கல்யாணம் மட்டும் நிஜம் சார்!”

“ஆமா, அந்தக் கொடுமை நெசந்தான்,” என்றார் மாமியார், பட்டைப் பிழிந்தபடி.

கான்ஸ்டபிள் கையை விடுவித்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார். காலி வாளி. பெருமூச்சு விட்டுவிட்டு ஃபைலைப் பிரித்தார்.

“இவிடெ தாமசிக்குந்நது தாங்கள் தன்னெயல்லே?” இங்கே குடியிருப்பது நீங்கள்தானே?

“நான்தான்.”

“மதி.” போதும் என்று ஒரு கையெழுத்துப் போட்டார். தாளில் இருந்தது அந்த ஒரே கேள்விதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “பின்னே எதுக்கு சார் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்க?”

அவர் வாசலைக் காட்டினார். “குட எடுத்தில்ல.” குடை கொண்டுவரவில்லையாம். மாமியார் தன் குடையைக் கொடுத்து அனுப்பினார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது குளியலறையில் கூடுதல் நேரம் இருந்தால், “சோப்பு போட்டாச்சா?” என்று வெளியிலிருந்து என் மகள்கள் கத்துவார்கள். முகூர்த்தப் பட்டு இப்போது பாதி அரக்கு, பாதி ரோஜா. ‘எங்க வாங்குன டிசைன்?’ என்று கேட்பவர்களிடம் செண்பகம், “இவுகளுக்கு விசா எடுத்தப்போ கெடச்சது,” என்பாள்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுமதி பதிவுத் தபாலில் வந்தது. தங்குவதற்கான காரணம் என்ற இடத்தில், இந்தியப் பெண்ணை மணந்து அவருடன் வசித்து வருகிறார் என்று போட்டிருந்தது. அப்போது ஆடி பாதிதான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டு அதை வாங்கும்போது வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன்.