தண்ணீருக்கடியில் ஒரு குண்டு, மேலே என் ஆள்

ஒரே ஒரு குண்டை வெடித்து முடிக்க ஏழு மாதம் எடுத்துக்கொண்ட மனிதன் உலகத்திலேயே ‘ரூல்ஸ்’ ஒருவன்தான். 2006-ல், சிதம்பரம் கல்லூரி விடுதியில் எனக்குப் பக்கத்து அறை. அவனுடைய நிஜப் பெயர் ஹால் டிக்கெட்டுக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமைகளில் அவன் அறையில் நாலு பேர் ஒரு விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு கற்பனை ஆள். என்ன நடக்கிறது என்று ரூல்ஸ் சொல்வான். என் ஆள் என்ன செய்கிறான் என்று நான் சொல்வேன். பிழைப்பானா என்று தாயக்கட்டை சொல்லும். ஆள் செத்தால் அவனை ஆடியவன் வெளியேற வேண்டும், திரும்பி வரக்கூடாது. என்ன சொன்னால் பிழைக்கலாம் என்று யாருக்கும் சாடை காட்டவும் கூடாது. இரண்டும் ரூல்ஸ் எழுதிய சட்டம். அந்த விடுதியில் என்னைச் சேர்த்துக்கொண்ட ஒரே கூட்டம் அது என்பதால், என் ஆளான மாலுமியைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன்.

ஒருநாள் கப்பல் கவிழ்ந்து மாலுமி மிதந்தபோது, அவனுக்கு அடியில் குண்டு வெடித்தது. கட்டையை எடுத்தேன். ரூல்ஸ் கையைப் பிடித்தான்.

“இரு மச்சான். நம்மகிட்ட தரையில வெடிக்கிறதுக்குத்தான் கணக்கு இருக்கு.”

“தண்ணி தடுத்துடும்ல? கம்மியாத்தான் அடி படும்.”

“ஜாஸ்தியாவும் படலாம்.”

ஆட்டம் நின்றது. இயற்பியல் விரிவுரையாளரிடம் கேட்டான். அவர் பலகை நிறைய எழுதி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, டீ குடிக்கப் போனார். தீபாவளிக்கு மிஞ்சிய வெடியை மெஸ் முட்டையோடு பக்கெட் தண்ணீரில் வெடித்துப் பார்த்தான். பக்கெட் பிளந்தது, முட்டை முழுசாக இருந்தது. அது என் மாலுமிக்குச் சாதகமா பாதகமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியில் கடலூர் துறைமுகத்துக்குத் தனியாகப் பஸ் ஏறினான். அங்கே நடந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும்.

“கடல்ல வெடித் தோட்டா போட்டா மீனுக்கு என்னா ஆவும் மாமா?” என்று கேட்டானாம்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நாலு பக்கமும் பார்த்தாராம். “நாங்க போடுறதில்லப்பா. மேல கீறல் இருக்காது, உள்ள கூழாயிருக்கும். மனுசன்னா நேரா நிக்கக் கூடாது. மல்லாக்க மெதந்தாத்தான் பொழைப்பான்.”

அடுத்த சனிக்கிழமை நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்தான்.

“ஒன் ஆளு எப்டி மெதந்தான்?”

“நேராத்தான். காலத் தொங்கப்போட்டு...”

ரூல்ஸின் முகம் வெளுத்தது. “நல்லா யோசிச்சு சொல்லு” என்றவன், திடீரென்று தரையில் மல்லாந்து படுத்துக் கைகளை விரித்து, மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

“என்னாடா, மயக்கமா?” என்று பதறினேன்.

“முதுகு வலி. நீ சொல்லு.” படுத்தபடியே கைகளைத் துடுப்புப் போல அசைத்தான். பக்கத்திலிருந்தவன் என் தொடையைக் கிள்ளினான்.

“மல்லாக்கவா?” என்றேன், ஒன்றும் புரியாமல்.

ரூல்ஸ் எழுந்து, நோட்டில் ‘பிழைத்தான்’ என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

“அடுத்த வாரம் சீக்கிரம் வா” என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.