மேளம் அடித்தால் சிவப்பு

பாட வராதவர்களுக்குத்தான் பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஆசை அதிகம். (என் வீட்டில் இதை மறுப்பவர் யாரும் இல்லை.)

எனக்கு முதல் வேலை லைட்ஹவுஸ் குப்பத்துப் பால்வாடியில். காட்டூரில் நெல் பயிரிடும் வீட்டுப் பெண் நான். மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்துப் பழகியவள். தினமும் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, டச்சுக்காரர்களின் கல்லறைகளைத் தாண்டி, பாலத்தில் நடந்து போவேன். காலை வெயிலில் ஏரி பளபளக்கும். எதிர்க்காற்றில் கருவாட்டு வாசனை வரும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால், வேலைக்கு நேரமாகிவிட்டது போல என் கால்கள் வேகமெடுக்கின்றன.

பால்வாடிப் பிள்ளைகளுக்கு நிறங்களின் பெயர் மட்டும் மண்டையில் ஏறவில்லை. "செவப்பு எது?" என்றால் கையில் கிடைத்ததையெல்லாம் காட்டுவார்கள். இசையோடு சேர்த்துச் சொன்னால் மனதில் தங்கும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சிவப்புக்கு ஒரு மெட்டு, மஞ்சளுக்கு ஒரு மெட்டு, நீலத்துக்கு ஒரு மெட்டு என்று நானே கட்டினேன். என் குரலில் மூன்றும் ஒரே மெட்டாக வெளியே வந்தன. படகுக்கார ஏழுமலையின் மகள் செல்வி, என்னைக் கவலையோடு பார்த்துக் கேட்டாள்: "டீச்சர், உனுக்கு வயிறு வலிக்குதா?"

அன்றோடு பாட்டை விட்டேன். தகர டப்பாவில் மேளம் தட்டினால் சிவப்பு, மணி அடித்தால் மஞ்சள், சங்கு ஊதினால் நீலம். சத்தம் கேட்டதும் அந்தச் சாயத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் தோய்த்து, சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளில் பதிக்க வேண்டும். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள் பாருங்கள்! ஐஸ்காரர் தெருவில் மணியடித்தால் பத்துக் குரல்கள் "மஞ்சா!" என்று அலறும். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. "ரெண்டு கலர் ஒண்ணா சேர்ந்தா இன்னா வரும்?" என்று நாள்தவறாமல் கேட்டுப் பார்த்தேன்.

"சண்ட வரும் டீச்சர்" என்றாள் செல்வி.

அப்போதுதான் ஏழுமலை புது ஃபைபர் படகு வாங்கினார். பழைய படகு புயலில் உடைந்த பிறகு அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர். பெயர்கூட எழுதாத, பால்போல் வெள்ளையான அந்தப் படகைப் பால்வாடிக்கு எதிரே மணலில் நிறுத்தி, கடலில் இறக்கப் பூசை போட்டார்கள். பிள்ளைகளும் பார்க்கட்டுமே என்று வகுப்பை வாசலுக்கு மாற்றினேன். சாயக் கிண்ணங்களையும் வாசலில் வைத்தேன். (தாளில் நன்றாக நிற்க வேண்டுமென்று சாயத்தில் பசை வேறு கலந்திருந்தேன். என் மூளையே மூளை.)

மேளம் தொடங்கியது.

பிள்ளைகள் ஒரு கணம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அத்தனை கைகளும் சிவப்புக் கிண்ணத்தில் விழுந்தன. நான் "ஏய்!" என்பதற்குள், வாழ்க்கையில் அவர்கள் பார்த்த மிகப் பெரிய வெள்ளைத் தாளை நோக்கி ஓடிவிட்டார்கள். செல்விதான் முன்னால்.

படகின் வலது பக்கமெல்லாம் சிவப்புக் கைகள். நான் இரண்டு பேரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது பூசாரி மணியடித்தார். பிடியிலிருந்து நழுவி மஞ்சளுக்கு ஓடினார்கள். ஏழுமலைக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. பூசாரியைப் பார்த்து, "யோவ், சங்க ஊதாத! ஊதாத!" என்று கத்தினார். பூசாரி கண்ணை மூடி, கன்னம் உப்ப, பக்தியோடு ஊதினார்.

நீலமும் வந்து சேர்ந்தது.

"கோட்ட கட்ன டச்சுக்காரன்கூட எங்க போட்டுல கை வெக்கலியே டீச்சர்!" என்று ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டார். வேலை போயிற்று, காட்டூருக்குத் திரும்பி நாற்று நட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து செல்வி தன் உள்ளங்கையைத் தூக்கி அப்பாவிடம் காட்டிக் கூவினாள்: "நைனா! நைனா! செவப்பும் மஞ்சாவும் சேர்ந்து ஆரஞ்சு ஆயிடுச்சி!"

"இங்க பச்ச!" என்று இன்னொன்று குதித்தது.

நான் மாதக்கணக்கில் தொண்டை கிழியச் சொன்ன பாடம், படகின் மேல் ஈரத்தோடு வழிந்துகொண்டிருந்தது. சந்தோஷப்படவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

ஏழுமலையின் மனைவி தேசம்மா முந்தானையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. (பசை!) "தொடைக்கறதுக்குள்ள நல்ல நேரம் போயிடும். கொயந்தைங்க கைதான? தள்ளுய்யா!" என்றார். படகு அலையில் இறங்கியது, ஒரு பக்கம் திருவிழா, மறுபக்கம் வெறும் வெள்ளை.

சாயங்காலம் படகு திரும்பும்வரை நான் பால்வாடிப் படியை விட்டு எழவில்லை. கரையேறிய ஏழுமலை நேராக என்னிடம் வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன்.

"டீச்சர், கடல்ல எங்கருந்து பாத்தாலும் எங்க போட்டு தனியா தெரியுதாம். அல்லாரும் கேக்கறானுங்க" என்றார். பிறகு கழுத்தைச் சொறிந்தார். "ஆனா எடது பக்கம் மொட்டையா கீது. நாளைக்கி புள்ளைங்கள கொஞ்சம் அனுப்பு."

பெயர் எழுதாமலே அந்தப் படகு 'பால்வாடி' ஆனது. கல்யாணமாகி மீஞ்சூர் வந்த பிறகு இந்தக் கதையை என் கணவரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வீட்டில் எது வெள்ளையாக வாங்கினாலும் அதை என் கண்ணில் படாமல் மறைப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

போன வருடம் எங்கள் மகளுக்குக் கல்யாணம். கெட்டிமேளம் முழங்கியதும், பட்டு வேட்டி சட்டையில் வெள்ளைவெளேரென்று உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கும் எனக்கும் நடுவே என் கணவர் கைகளை அகல விரித்து நின்றுகொண்டார். மகள் குனிந்த தலையோடு தோள் குலுங்கச் சிரித்தாள். தாலி ஏறும்போதும் நிறுத்த முடியவில்லை. சம்பந்தியம்மா பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதம்மான்னு சொல்லுங்க சம்பந்தி, நாங்க நல்லா பாத்துக்குவோம்."