மணமகள் அறையில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லை என்று நம்பியவன் நான். கம்ப்யூட்டருக்குத் தேவையில்லைதான். அது இருக்கிற கட்டடத்துக்குத் தேவை.

சென்னை வேலையை உதறிவிட்டு செஞ்சிக்கு வந்து, பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளை வாங்கிச் சேர்த்து, பீரோ உயரத்துக்கு ஓர் இயந்திரம் கட்டினேன். 'சூப்பர் கம்ப்யூட்டர்' என்று நானே பெயரும் வைத்தேன் (வேறு யாரும் வைக்கவில்லை). வேர்க்கடலை இலையைப் படம் எடுத்துக் காட்டினால் என்ன நோய் என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவை அதில் பயிற்றுவிக்க வேண்டும். ஆவணி பிறந்ததும் ஓட்டிக் காட்டினால் ஒப்பந்தம் என்றது ஒரு விதை கம்பெனி. தவறினால் மறுபடி சென்னை, பழைய மேனேஜர் காலடி.

வீட்டில் அதைப் போட்டால் தெரு முழுக்க லைட் மங்கியது. அப்போது ஆடி மாதம். மாமாவின் (அம்மாவுடைய தம்பி) கல்யாண மண்டபம் காலியாகக் கிடந்தது. த்ரீ பேஸ் கரண்ட், ஜெனரேட்டர், மணமகள் அறையில் ஏசி! வேறென்ன வேண்டும்?

"ஆடி முடிஞ்சதும் தூக்கிடணும்" என்றார் மாமா. தலையாட்டினேன்.

பயிற்சி இழுத்துக்கொண்டே போனது. ஆவணியின் முதல் முகூர்த்தத்தன்று மதியம்தான் முடியும் என்றது திரை. நடுநடுவே சேமித்துக்கொள்ளும் வசதி உண்டு. வேகம் குறைகிறதென்று அதை அணைத்து வைத்திருந்த மேதை நான். நின்றால் முதலிலிருந்துதான்.

முந்தின நாள் சாயங்காலம் பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள்.

"இன்னாடா இது, பொண்ணு ரூம்ல?" என்று மாமா பல்லைக் கடித்தார்.

பெண்ணின் பெரியம்மா தங்கமான மனுஷி. "ஓரமா இருந்துட்டுப் போவட்டும். நாங்க அத இன்னா பண்ணப்போறோம்?" என்றார்.

'தொடாதீர்கள். ஆஃப் செய்யாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். காலையில் வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். கருகல் வாடை வந்தது. "பொங்கல் அடிபிடிக்குது, பாக்கக் கூடாதாண்ணே?" என்று சமையல்காரரை எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். அப்புறம்தான் போனைப் பார்த்தேன். இயந்திரம் கொதிக்கிறது என்று அது அனுப்பிய எச்சரிக்கை மணி எதுவும் மேளச் சத்தத்தில் கேட்டிருக்கவில்லை.

ஓடினேன். மணப்பெண்ணுக்குத் தும்மல் என்று ஏசியை நிறுத்தியிருந்தார்கள். என் இயந்திரத்தை ஜமக்காளத்தால் தலைமுதல் கால்வரை போர்த்தி, மேலே சீர்வரிசைத் தட்டுகளை அழகாக அடுக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு ஃபேனும் சுற்றவில்லை.

"நாங்க ஆஃப் பண்ணலியே தம்பி" என்றார் பெரியம்மா பதறிப்போய். "பவுடரு பறந்து அதும்மேல வுழுதேன்னு போத்தி வுட்டோம்."

"ஐயோ, செத்துப்போச்சு!" என்று அலறினேன்.

நாதஸ்வரம் நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "யாரு?" என்றார். மாமா என் வாயைப் பொத்திச் சமையற்கட்டு வழியாக வெளியே இழுத்துப்போனார். "கல்யாண வூட்ல இன்னா வார்த்தடா பேசற!"

கொல்லைப்புறத்தில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன். நான் கடிந்துகொண்ட சமையல்காரர்தான் ஒரு டம்ளர் பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன், நன்றாகவே இருந்தது.

ஒப்பந்தம் வேறு யாருக்கோ போயிற்று. பழைய மேனேஜர் சேர்த்துக்கொண்டார். இப்போதும் ஊருக்குப் போய் நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தால், அம்மா வந்து முகத்திலிருந்து போர்வையை விலக்கிவிடுவார்.

"மூஞ்ச மூடாதடா. உன் மிஷினே அப்பிடித்தான் போச்சு."